சரிவில் புல் வெட்டும் இயந்திரம்: மண்ணும் பிழைக்க, மனிதரும் பிழைக்க

பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்கு ஏறிவரும் பாதையில் காலை வேளையில் நின்று கேட்டால், முன்பு கொழுந்து மலைகளில் பேச்சுக் குரல்தான் கேட்கும். இப்போது அதற்கு மேலாக ஓர் இரைச்சலும் கேட்கிறது. முதுகிலோ தோளிலோ இயந்திரத்தைச் சுமந்தபடி எமது இளைஞர்கள் தேயிலை நிரைகளுக்கிடையே புல் வெட்டுகிறார்கள். தோட்ட மலைகளில் மட்டுமன்றி பாதையோரங்களிலும், பாடசாலை மைதானங்களிலும், வீட்டுத் தோட்டங்களிலும் இந்த இயந்திரம் வந்துவிட்டது.

சில வருடங்களுக்கு முன் இப்பகுதித் தோட்டமொன்றில் புல் வெட்டிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரை நாம் வைத்தியசாலையில் பார்க்கச் சென்றோம். கத்தியில் பட்ட சிறு கல்லொன்று தெறித்து அவருடைய வலது கண்ணைப் பறித்துவிட்டது. இயந்திரத்தோடு ஒரு கண்ணாடியும் வந்திருந்ததாம். அது அப்பொழுது களஞ்சியத்தில் பெட்டிக்குள் இருந்தது. "வேர்வையில் மங்கிப்போகும் சாமி, வேலை ஓடாது" என்றார் அவர். அன்று முடிக்கவேண்டிய அளவை முடிக்காவிட்டால் அரைப் பேர்தான் விழும் என்ற பயமும் அவருக்கு இருந்தது. கல் தெறித்தது ஒரு நொடியில். ஆனால் அந்த விபத்துக்கான காரணங்கள் பல நாட்களாகச் சேர்ந்தவை. இக்கட்டுரையை எழுத எம்மைத் தூண்டியது அந்தச் சந்திப்புத்தான்.

சுரண்டியிலிருந்து இயந்திரத்துக்கு

இந்த இயந்திரம் ஏன் வந்தது என்பதை முதலில் விளங்கிக்கொள்வது நல்லது. வெள்ளைக்காரர் காலத்தில் கோப்பித் தோட்டங்களிலும் பின்னர் தேயிலைத் தோட்டங்களிலும் ஒரு புல்லும் தெரியாதபடி மண்ணைச் சுரண்டி வைப்பதே நல்ல நிர்வாகம் எனக் கருதப்பட்டது. சுரண்டி புல்லை மட்டும் எடுப்பதில்லை. புல்லோடு மேல்மண்ணையும் இளக்கிவிடுகிறது. அடுத்த மழையில் அந்த மண் கான் வழியே ஆற்றுக்குப் போய்ச் சேர்கிறது. இப்படி இழந்த மேல்மண்ணை எவ்வளவு உரம் போட்டும் திரும்பப் பெற முடியாது. 1951 இல் மண் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டதற்கு மலைநாட்டின் மண்ணரிப்பும் ஒரு காரணமாகும்.

பின்னர் களைநாசினி வந்தது. 2015 இல் கிளைபோசேட் தடை செய்யப்பட்டது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அது மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2021 இல் இரசாயன உரங்கள், விவசாய இரசாயனங்கள் ஆகியவற்றின் இறக்குமதியே நிறுத்தப்பட்டு, அவ்வாண்டின் இறுதியில் தளர்த்தப்பட்டது. இந்த மாற்றங்களுக்கிடையில் மலைகளில் புல் வளர்ந்தது. வேலைக்கு ஆட்களோ குறைந்தார்கள். இந்த இடைவெளியிலேயே இயந்திரம் பரவலாகப் புகுந்தது.

இதில் ஒரு நன்மையும் உண்டு. இயந்திரம் புல்லை மேலே வெட்டுகிறது, வேரை மண்ணிலேயே விட்டுவிடுகிறது. வெட்டுண்ட புல் நிலத்தில் மூடாக்காகக் கிடக்கிறது. மழைத்துளி நேரே மண்ணில் அடிப்பதில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையிலும், 2023 மார்ச் 19 இரவு பூனாகலை கபரகலையிலும் மண் சரிந்ததைக் கண்ட மக்கள் நாம். மண்சரிவுக்கு ஆழமான வேறு காரணங்கள் உண்டு. புல் வெட்டும் முறை ஒன்றினால் மட்டும் அது வருவதுமில்லை, நிற்பதுமில்லை. எனினும் மேல்மண்ணையும் கான்களையும் பேணுவது எமது கையில் உள்ள காரியம். ஆகவே இயந்திரம் வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. அதை அறிந்து பாவிக்க வேண்டும் என்கிறோம்.

ஏறிச் செலுத்தும் இயந்திரம் இங்கே உதவுமா?

வெளிநாட்டில் வேலை செய்துவிட்டு வந்த சிலர், "ஆசனத்தில் இருந்துகொண்டே புல் வெட்டும் வண்டி உண்டே, அதை ஏன் இங்கே கொண்டுவரக் கூடாது?" எனக் கேட்கிறார்கள். நின்ற இடத்திலேயே வட்டமாகத் திரும்பும் வண்டியும் அவற்றில் ஒன்று. அதற்கு ஸ்டியரிங் இல்லை. இரு கைகளுக்கும் இரண்டு நெம்புகோல்கள். ஒவ்வொன்றும் ஒரு பின்சில்லை இயக்கும். ஒன்றை முன்னே தள்ளி மற்றதைப் பின்னே இழுத்தால் வண்டி பம்பரம்போலத் திரும்பும். முன்சில்லுகள் கடைகளில் காணும் தள்ளுவண்டியின் சில்லுகளைப்போலச் சும்மா சுழல்பவை.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. திருப்புவதும் நிறுத்துவதும் பின்சில்லுகளின் வேலை. ஈரப் புல்லில், சரிவில், அவை வழுக்கத் தொடங்கினால் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. இத்தகைய வண்டிகளைப் பொதுவாக 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஓட்டவேண்டாம் என்றே செய்பவர்கள் எச்சரிக்கிறார்கள். சில வகைகளுக்கு 10 பாகையே எல்லை. பதினைந்து பாகை என்பது நாலடி முன்னே போகும்போது ஓரடி உயரும் சரிவு. எமது தேயிலை மலைகளில் பல அதைவிடச் செங்குத்தானவை. எனவே இந்த வண்டி சமதரை மைதானத்துக்கும் ஹோட்டல் தோட்டத்துக்கும் உரியது.

கொழும்பிலோ வளைகுடா நாடுகளிலோ பூந்தோட்ட வேலைக்குச் செல்லும் எமது இளைஞர்கள் இவ்வண்டியை ஓட்ட நேரலாம். அவர்கள் சிலவற்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வண்டி கவிழ்ந்தால் காக்கும் இரும்பு வளைவை நிமிர்த்திவைத்து ஆசனப்பட்டியை அணிய வேண்டும். வளைவு மடிந்திருக்கும்போது பட்டியை அணியக்கூடாது, ஏனெனில் கவிழும் வண்டியின் கீழ் ஆளைப் பிணைத்துவிடும். மதில் விளிம்பு, குளக்கரை, பள்ளம் ஆகியவற்றின் அருகே ஓட்டக்கூடாது. பிள்ளைகளை ஒருபோதும் ஏற்றக்கூடாது. கீழே கையை விடுமுன் இயந்திரத்தை நிறுத்திச் சாவியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட வேண்டும்.

சரிவான எமது மலைகளுக்கு உரியது மனிதர் சுமந்து செல்லும் இயந்திரமே. இனி அதைப் பார்ப்போம்.

இயந்திரத்தின் குணம்

ஒரு சிறு பெற்றோல் எஞ்சின், நீண்ட குழாய், அதன் நுனியில் கியர்ப்பெட்டி, அதில் கத்தி அல்லது நைலோன் கயிறு. இவ்வளவுதான் இயந்திரம். பார்ப்பதற்கு எளிமையானது. ஆனால் 25 சென்றிமீற்றர் அகலமான கத்தி நிமிடத்துக்கு 7000 முறை சுழன்றால், அதன் ஓரம் வினாடிக்கு 90 மீற்றருக்கு மேல் ஓடுகிறது. அதாவது மணிக்கு 300 கிலோமீற்றரைத் தாண்டிய வேகம். அந்த வேகத்தில் பட்ட கல் எங்கே போகும் என்று எவராலும் சொல்ல முடியாது.

மேலிருந்து பார்த்தால் கத்தி பெரும்பாலும் இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும். எனவே வலமிருந்து இடமாக வீசி வெட்ட வேண்டும். வெட்டிய புல் இடது பக்கம் விழும். கத்தியை ஒரு கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். 9 மணிக்கும் 12 மணிக்கும் இடைப்பட்ட இடது முன்பகுதியால் வெட்டுவது பாதுகாப்பானது. 12 மணிக்கும் 3 மணிக்கும் இடைப்பட்ட வலது முன்பகுதி கட்டையிலோ கல்லிலோ பட்டால் இயந்திரம் திடீரெனப் பக்கவாட்டில் உதைக்கும். சரிவில் நிற்பவரை அந்த உதை கீழே தள்ளிவிடும்.

கத்திக்கு மேலுள்ள காப்பு மூடியைச் சிலர் "புல் சிக்குகிறது" என்று கழற்றி எறிகிறார்கள். காலுக்கும் கத்திக்கும் நடுவே இருப்பது அந்த மூடி ஒன்றுதான். நைலோன் கயிறு தீர்ந்ததும் அதற்குப் பதிலாகக் கம்பியைக் கட்டுவோரும் உண்டு. அறுந்த கம்பித்துண்டு துப்பாக்கிக் குண்டுக்கு ஒப்பானது. இவ்விரண்டையும் எக்காரணத்துக்காகவும் செய்யக்கூடாது.

வேலைக்கு முன்

இயந்திரத்தை இயக்குமுன் வெட்டப்போகும் மலையை ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும். போத்தல், கம்பி, கல், பழைய கட்டை ஆகியவற்றை எடுத்தெறிய வேண்டும் அல்லது குச்சி நட்டு அடையாளமிட வேண்டும். கான் எங்கே, குழி எங்கே எனப் புல் மூடியிருக்கும்போது தெரியாது. அவற்றை முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும்.

எமது மலைகளுக்கே உரிய ஓர் ஆபத்து குளவி. மரக்கிளைகளிலும் தேயிலைச் செடிகளுக்குள்ளும் கூடு இருக்கலாம். இயந்திரத்தின் ஓசையும் அதிர்வும் அவற்றைக் கலைத்துவிடும். அருகிலிருப்பவர் கத்தி எச்சரித்தாலும் இயந்திரம் பிடிப்பவருக்குக் கேட்காது. ஆகவே இருவர் இருவராக வேலை செய்வதும், கை அசைத்துக் காட்டும் சைகையை முன்பே பேசிவைப்பதும் அவசியம். கூடு இருப்பது தெரிந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டு கங்காணிக்கு அறிவிக்க வேண்டும். இயந்திரப் பட்டியை ஒரே இழுப்பில் கழற்றிப்போடும் கொளுக்கி வேலை செய்கிறதா என நாள்தோறும் சோதிக்க வேண்டும். ஓடவேண்டிய நேரத்தில் இயந்திரம் ஆளைப் பிடித்து வைக்கக்கூடாது.

அணியவேண்டியவை: கண்ணுக்கு இறுக்கமான கண்ணாடியும் அதன்மேல் வலை முகமூடியும், காதுக்குக் காப்பு, அடி வழுக்காத நீண்ட பூட்ஸ், தடித்த நீளக் காற்சட்டை, கையுறை. கண்ணாடி வேர்வையில் மங்கினால் துடைக்கச் சுத்தமான துணியொன்று இடுப்பில் இருக்கட்டும். துடைக்கும்போது இயந்திரம் நின்றிருக்க வேண்டும். செருப்போடு இந்த வேலைக்குப் போகவே கூடாது.

சரிவில் வெட்டும் முறை

1. மேலும் கீழுமாக வெட்டக்கூடாது. நிரையின் போக்கில், மலைக்குக் குறுக்காகவே நடக்க வேண்டும்.

2. பள்ளப்பக்கம் இடக்கையில் இருக்குமாறு நடந்தால் வெட்டிய புல் பள்ளப்பக்கம் விழும். கீழிருந்து தொடங்கி ஒவ்வொரு நிரையாக மேலே ஏறிவர வேண்டும். திரும்பி வரும்போது வெட்டாமல், கத்தி சுழலாத நிலையில் நடந்து வாருங்கள்.

3. ஓர் இயந்திரத்தைச் சுற்றி 15 மீற்றருக்குள் எவரும் இருக்கக்கூடாது. சரிவில் கீழ்ப்பக்கம் இன்னும் கூடுதலான தூரம் வேண்டும். புல் வெட்டும் மலையின் கீழே கொழுந்துக்கு ஆட்களை விடுவது பெருந்தவறு.

4. முதலில் காலை ஊன்றி, பின்னர் வீச வேண்டும். வீசிக்கொண்டே அடி வைக்கக்கூடாது. மழை பெய்து மண் வழுக்கும்போது வேலையை நிறுத்துவதே அறிவு.

5. கத்தியை இடுப்புக்கு மேல் உயர்த்தக்கூடாது. மண்ணைத் தொடவும் விடக்கூடாது. மண்ணை உரசினால் சுரண்டியின் தவறையே இயந்திரத்தால் செய்தவர்களாவோம். மூன்று நான்கு அங்குலம் புல் நிற்கட்டும்.

6. தேயிலைச் செடியின் அடித்தண்டில் கத்தியோ கயிறோ பட்டால் பட்டை உரியும். அந்தக் காயத்தால் நோய் புகும். செடிக்கு நான்கடி, இரண்டடி இடைவெளியில் நட்ட மலைகளில் கத்தி வீச இடம் குறைவு. எனவே தூரைச் சுற்றியுள்ள புல்லைக் கையால் பிடுங்குவதே நல்லது. இளந்தேயிலையில் இது மிக முக்கியம்.

7. சிக்கிய புல்லை எடுக்க இயந்திரத்தை முற்றாக நிறுத்த வேண்டும். முடுக்கியை விட்டபின்பும் கத்தி சில வினாடிகள் சுழலும். முடுக்கியை விட்டும் கத்தி நிற்காமல் சுழன்றுகொண்டேயிருந்தால் கிளச்சிலோ காபரேட்டரிலோ பிழை உண்டு. அதைத் திருத்தாமல் வேலைக்கு எடுக்கக்கூடாது.

எரிபொருள்

இயந்திரம் டூ ஸ்ரோக்கா, ஃபோர் ஸ்ரோக்கா என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். டூ ஸ்ரோக் எஞ்சினுக்குத் தனி ஒயில் தொட்டி இல்லை. பெற்றோலுடன் அதற்குரிய டூ-ரீ ஒயிலைக் கலக்க வேண்டும். கையேட்டில் 50க்கு 1 என்றிருந்தால் ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். 25க்கு 1 என்றிருந்தால் 40 மில்லிலீற்றர். கண்மதிப்பில் ஊற்றக்கூடாது. ஒயில் குறைந்தால் எஞ்சின் இறுகிப் பிடித்துவிடும். கூடினால் புகை கக்கி, பிளக் கரி பிடிக்கும். ஃபோர் ஸ்ரோக் எஞ்சினுக்குக் கலப்பில்லாத பெற்றோல் போட்டு, ஒயில் மட்டத்தைத் தினமும் காலையில் தனியே பார்க்க வேண்டும்.

கலந்த பெற்றோலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்துப் பாவிக்க வேண்டாம். எஞ்சின் ஆறியபின்பே ஊற்ற வேண்டும். ஊற்றிய இடத்திலிருந்து குறைந்தது மூன்று மீற்றர் தள்ளிச் சென்றே இயக்க வேண்டும். ஊவாவில் ஆனி முதல் புரட்டாதி வரை அடிக்கும் வரண்ட காற்றில் மானாப்புல் எவ்வளவு விரைவாகப் பற்றும் என்பது எம் எல்லோருக்கும் தெரியும். சூடான சைலன்சருடன் இயந்திரத்தைக் காய்ந்த புல்லில் வைத்துவிட்டுத் தேநீருக்குப் போகாதீர்கள்.

இன்னொன்று. பெற்றோலை சோடாப் போத்தலில் ஊற்றி லயக் காம்பிராவுக்குள் வைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அடுப்பும் படுக்கையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீட்டில் இதனால் வரக்கூடிய கேட்டைச் சொல்லவும் வேண்டுமா? தாகத்தில் பிள்ளை எடுத்துக் குடித்துவிடவும் கூடும். எரிபொருளுக்கென உள்ள கலனில், வீட்டுக்கு வெளியே, பூட்டிய இடத்தில் வைக்க வேண்டும்.

பராமரிப்பு

நாள்தோறும்: காற்று வடிகட்டியைக் கழற்றித் தூசி போக்க வேண்டும். பஞ்சு வகையானால் சவர்க்கார நீரில் கழுவி நன்கு உலர்த்திப் பூட்டலாம். எல்லாத் திருகாணிகளையும் இறுக்கிப் பார்க்க வேண்டும். கத்தியில் வெடிப்புண்டா எனப் பார்க்க வேண்டும். வெடித்த கத்தியை ஒட்டுப்போட்டுப் பாவிக்கக்கூடாது. வளைந்ததைத் தட்டி நிமிர்த்தவும் கூடாது. கத்தியைப் பிடிக்கும் நட்டு பெரும்பாலும் வழமைக்கு மாறான மரையுடையது. கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். இதையறியாமல் எதிர்ப்பக்கம் பலமாகத் திருப்பி மரையை அழிப்பவர் பலர்.

வாரந்தோறும்: பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நுனி மண்ணிறமாக இருந்தால் எஞ்சின் நலமாக உள்ளது. கரிந்து ஈரமாக இருந்தால் ஒயில் கூடிவிட்டது அல்லது காற்று வடிகட்டி அடைத்துவிட்டது. வெளுத்திருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. கத்தியை அரத்தால் எல்லாப் பற்களுக்கும் சமமாகத் தீட்ட வேண்டும். ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்தால் எடை சமமின்றி இயந்திரம் நடுங்கும். கியர்ப்பெட்டிக்குக் கையேட்டில் சொன்ன இடைவெளியில் கிறீஸ் போட வேண்டும்.

நீண்டகாலம் நிறுத்தும்போது: தொட்டியிலுள்ள பெற்றோலை வடித்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். இல்லையேல் எஞ்சிய பெற்றோல் பிசினாகிக் காபரேட்டரை அடைத்துவிடும். "போன மாதம் ஓடியது, இப்போது இயங்கவில்லை" என்று வரும் முறைப்பாடுகளில் பல இதனால் வருபவையே.

கண்ணுக்குத் தெரியாத காயங்கள்

கல் பட்ட காயம் உடனே தெரியும். காதுக்கும் கைக்கும் வரும் கேடு வருடங்கள் கழித்தே தெரியும். எட்டு மணிநேர வேலைக்கு 85 டெசிபல் ஒலியே எல்லை எனச் சுகாதார அறிஞர் கொள்கிறார்கள். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். இந்த இயந்திரங்களில் பல, பிடிப்பவரின் காதருகே 100 டெசிபலை எட்டக்கூடியவை. காப்பில்லாத காதுக்கு அந்த ஒலியில் 15 நிமிடமே எல்லை. பஞ்சை அடைத்துக்கொள்வது போதாது.

ஓயாத அதிர்வினால் விரல்களின் இரத்த நாளங்களும் நரம்புகளும் பாதிக்கப்படுகின்றன. குளிர் காலையில் விரல் நுனி வெளுத்து மரத்துப்போனால் அதைச் சாதாரணமாக எண்ணவேண்டாம். அது முதல் எச்சரிக்கை. நாம் அறிந்தவரை இந்நோய் முற்றினால் முழுதாக மாறுவதில்லை. ஒருவரே நாள் முழுவதும் பிடிக்காமல் இருவர் மாறிமாறிப் பிடிப்பதும், அடிக்கடி ஓய்வெடுப்பதும், கைகளைச் சூடாக வைத்திருப்பதுமே பரிகாரம்.

பொறுப்பு யாருடையது?

கண் இழந்த அந்த இளைஞரைக் குறித்து, "கண்ணாடி கொடுத்திருந்தது, அவர் போடவில்லை" எனப் பலர் சொன்னார்கள். அது உண்மைதான். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு முடிக்கக்கூடிய அளவு வேலை அவருக்குக் கொடுக்கப்பட்டதா? மலையை நடந்து பார்ப்பதற்கும் கத்தி தீட்டுவதற்கும் ஓய்வுக்கும் எடுக்கும் நேரம் அந்த நாளின் பேருக்குள் சேர்க்கப்பட்டதா? வேலையின் அளவைத் தீர்மானிப்பவர்கள் இவற்றையும் வேலையாகவே கணக்கிட வேண்டும். பாதுகாப்பு என்பது தொழிலாளி தன் சொந்த நேரத்தில் செய்யும் காரியமன்று.

வேலையின்போது ஏற்படும் காயத்துக்கு நட்டஈடு வழங்க 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வழி செய்கிறது. ஆகவே சிறு காயமாயினும் அன்றே அறிவித்துப் பதிவு செய்யுங்கள். வைத்தியசாலைத் துண்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். புல் வெட்டு வேலை ஒப்பந்தத்துக்குக் கொடுக்கப்படும் இடங்களில், விபத்து நேர்ந்தால் பொறுப்பேற்பவர் யார் என்பதை வேலை தொடங்குமுன் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பின் கேட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டுவார்.

சொந்தமாக இயந்திரம் வாங்கிக் கூலிக்கு வெட்டும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. இயந்திரத்தின் விலையோடு கண்ணாடி, காதுக்காப்பு, பூட்ஸ் ஆகியவற்றின் விலையையும் சேர்த்தே கடன் கேளுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்தால் உதிரிப்பாகங்களையும் கருவிகளையும் பொதுவில் வைத்திருக்கலாம். ஒருவர் திருத்தும் வேலையைப் பழகிவந்தால் மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுக்கலாம்.

அந்த இளைஞர் இப்போது புல் வெட்டுவதில்லை. தன் தோட்டத்தில் புதிதாக இயந்திரம் எடுக்கும் பையன்களிடம் சென்று, முதலில் கண்ணாடியை எடுத்துக் கையில் கொடுக்கிறார். அதை அவர் எவரும் சொல்லாமலே செய்கிறார்.

குழுக்களில் கலந்துரையாட:

1. எமது தோட்டத்தில் எத்தனை பேர் இந்த இயந்திரத்தைப் பாவிக்கிறார்கள்? அவர்களில் முறையாகப் பழக்கப்பட்டவர் எத்தனை பேர்?

2. கண்ணாடியும் காதுக்காப்பும் உண்டா? இருந்தும் அணியாததற்குக் காரணம் என்ன?

3. ஒரு நாளுக்குரிய புல்வெட்டின் அளவு எப்படித் தீர்மானிக்கப்படுகிறது? அதில் ஓய்வும் பராமரிப்பும் சேர்கின்றனவா?

4. பெற்றோல் எமது லயன்களில் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது? இன்று மாலையே ஒரு முறை பார்த்து வருவோமா?